வீங்கிய நுழைவுப் பதிவேடுகளும் 180 நாள் விதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையக் குற்றங்கள் பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழில் அன்றாடம் இடம்பெறுகின்றன. அவற்றைப் படிக்கும்போதெல்லாம், சர்வர் அறையில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை பார்ப்பவன் என்ற முறையில், எனக்கு ஒரே கேள்விதான் எழுகிறது. ‘அன்று இரவு பதினொரு மணிக்கு இந்தக் கணினிக்குள் யார் இருந்தார்’ என்று ஒரு விசாரணை அதிகாரி வந்து கேட்டால், நம் ஊர் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் கல்லூரிகளிலும் எத்தனை இடங்களில் பதில் கிடைக்கும்? பல இடங்களில் கிடைக்காது என்பதே என் அனுபவம். பெரும்பாலும், யார் எப்போது நுழைந்தார் என்ற அந்தப் பதிவை அழித்தவர் திருடனாக இருப்பதில்லை; டிஸ்க் நிறைந்துவிட்டதே என்று பதறிய நிர்வாகியே அழித்திருப்பார்.

மில் வாசலில் வாட்ச்மேன் மேசையில் ஒரு நோட்டு கிடக்கும். உள்ளே வருபவர் பெயர், நேரம், வெளியே போன நேரம் ஆகியவை அதில் இருக்கும். யுனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களிலும் அத்தகைய நோட்டுகள் உண்டு. இப்போது உள்ளே இருப்பவர்களை யூடிஎம்பி என்ற கோப்பும், வந்து போனவர்கள் அனைவரையும் டபிள்யூடிஎம்பி என்ற கோப்பும், தவறான கடவுச்சொல் கொடுத்துத் திரும்பியவர்களைப் பிடிஎம்பி என்ற கோப்பும், ஒவ்வொரு பயனரும் கடைசியாக நுழைந்த நேரத்தை லாஸ்ட்லாக் என்ற கோப்பும் வைத்திருக்கின்றன. இவை புதியன அல்ல. 1971 நவம்பரில் வந்த யுனிக்ஸ் முதல் பதிப்பின் கையேட்டிலேயே டபிள்யூடிஎம்பிக்குத் தனிப்பக்கம் உண்டு. சோலாரிஸ், ஏஐஎக்ஸ் போன்ற அமைப்புகளில் பெயரும் இடமும் சற்று மாறும். ஏஐஎக்ஸில் தோல்வியுற்ற நுழைவுகளின் பதிவு இயக்க அமைப்பே குடியிருக்கும் மூலக் கோப்பு முறைமைக்குள்ளேயே கிடப்பதால், அது பெருத்தால் சர்வரே மூச்சுத் திணறும்.

இவற்றுள் முதலில் வீங்குவது பிடிஎம்பிதான். இணையத்தை நோக்கித் திறந்திருக்கும் எந்த சர்வரையும், எங்கிருந்தோ இயங்கும் நிரல்கள் ‘ரூட்’, ‘அட்மின்’, ‘டெஸ்ட்’ என்று பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டு ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும். சாதாரண லினக்ஸில் ஒரு நுழைவுப் பதிவின் அளவு 384 பைட். நொடிக்கு ஒரு முயற்சி என்று வைத்துக்கொண்டாலே ஒரு நாளைக்கு 86,400 பதிவுகள், அதாவது ஏறத்தாழ 33 மெகாபைட். முப்பது நாளில் ஒரு ஜிகாபைட்டைத் தொட்டுவிடும். தாக்குதல் மும்முரமாக இருக்கும் சர்வரில் இது பல மடங்காகும். இருபது ஜிகாபைட் டிஸ்க்கோடு வாடகைக்கு எடுத்த சிறிய சர்வர் எத்தனை மாதம் தாங்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

டிஸ்க் நிறைந்ததும் தரவுத்தளம் நின்றுவிடும், பில் போட முடியாது, மேலாளர் போனுக்கு மேல் போன் போடுவார். அந்த நேரத்தில் நிர்வாகி, பெரிய கோப்பு எது என்று பார்த்து, அதை அப்படியே நீக்கிவிடுகிறார். நீக்குவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. பக்கத்தில் இருக்கும் டபிள்யூடிஎம்பியும் ‘பழைய லாக்தானே’ என்று கூடவே போய்விடுகிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

இதில் பலரும் அறியாத ஒரு நுட்பம் உண்டு. நுழைவைப் பதிவு செய்யும் நிரல்கள் எவையும் டபிள்யூடிஎம்பி கோப்பைத் தாமாக உருவாக்குவதில்லை. கோப்பு இருந்தால் எழுதும், இல்லாவிட்டால் பேசாமல் போய்விடும். அதை நீக்கினால் பதிவே நின்றுவிடும் என்று லினக்ஸின் கையேட்டுப் பக்கம் வெளிப்படையாகவே சொல்கிறது. பிழைச்செய்தி எதுவும் திரையில் வராது, யாருடைய வேலையும் தடைப்படாது. இன்றைய லினக்ஸ்களில் மறுதொடக்கத்தின்போது, கணினியைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி என்ற நிரல் அந்தக் கோப்பை மீண்டும் உருவாக்கிவைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ‘எங்கள் சர்வர் முந்நூறு நாளாக ரீபூட் ஆகவில்லை’ என்பதையே நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கூட்டம். அந்த முந்நூறு நாளும் வாட்ச்மேன் மேசையில் நோட்டே இல்லை என்பதை நாங்கள் கவனிப்பதில்லை.

இது எனக்கே நேர்ந்தது. நான் வேலை பார்க்கும் நிறுவனத்தில், ஒருநாள் காலையில் கணக்குப் பிரிவில் சில பதிவுகள் மாறியிருப்பது தெரியவந்தது. முந்தைய இரவு உள்ளே இருந்தவர் யார் என்று பார்க்க, டபிள்யூடிஎம்பியைப் படித்துக் காட்டும் ‘லாஸ்ட்’ கட்டளையை இட்டேன். அப்படியொரு கோப்பே இல்லை என்ற ஒற்றை வரிதான் வந்தது. ஏழு மாதங்களுக்கு முன் டிஸ்க் நிறைந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை அது நீக்கப்பட்டிருந்தது. நீக்கியவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று போனில் ‘எதையாவது அழித்து முதலில் பில் ஓட வையுங்கள்’ என்று சொன்னவனே நான்தான்.

செய்திருக்க வேண்டியது மிகச் சிறிய வேலை. கோப்பை முதலில் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, நகல் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு, மூலக் கோப்பை நீக்காமல் அதன் உள்ளடக்கத்தை மட்டும் வெறுமையாக்க வேண்டும். அப்போது கோப்பின் பெயரும் உரிமையும் அனுமதிகளும் அப்படியே இருக்கும், அடுத்து நுழைபவரின் பதிவு முதல் வரியாக விழும். தவறி நீக்கிவிட்டால், வெற்றுக் கோப்பை உருவாக்கினால் மட்டும் போதாது. டபிள்யூடிஎம்பியின் உரிமையாளர் ரூட் என்னும் தலைமை நிர்வாகிக் கணக்காகவும், குழு யூடிஎம்பியாகவும், அனுமதி எண் 664 ஆகவும் (உரிமையாளரும் குழுவும் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டுமே) இருக்க வேண்டும். பிடிஎம்பிக்கு 600 (உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும்). இந்தக் கடைசி எண்ணைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. அவசரத்தில் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் கடவுச்சொல்லைத் தட்டிவிடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அப்படித் தட்டியது தோல்வியுற்ற நுழைவாகப் பிடிஎம்பியில் எழுத்துக்கு எழுத்து பதிவாகிவிடும். அதனால்தான் அந்தக் கோப்பில் மற்றவர்களுக்குப் படிக்கும் அனுமதி இருந்தால், தொலைவிலிருந்து நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் நிரல் அதில் எழுதவே மறுத்து, அனுமதி மிகையாக உள்ளது என்று வேறொரு லாக்கில் முணுமுணுத்துவிட்டுப் போய்விடும்.

வீங்கியதுபோல் தோற்றம் காட்டி ஏமாற்றும் கோப்பு ஒன்றும் உண்டு, அதுதான் லாஸ்ட்லாக். அதில் ஒவ்வொரு பயனருக்கும் அவருடைய பயனர் எண்ணைக் கொண்டு கணக்கிட்ட இடத்தில் 292 பைட் ஒதுக்கப்படும். பழைய 64 பிட் ரெட்ஹேட் லினக்ஸ் சர்வர்களில், கணினியே தனக்கென வைத்திருக்கும் ஒரு பயனர் கணக்குக்கு 4294967294 என்ற எண் கொடுக்கப்பட்டிருந்ததால், கோப்பின் அளவு 1.2 டெராபைட் என்று பட்டியலில் தெரியும். அத்தனை பெரிய டிஸ்க்கே அந்த இயந்திரத்தில் இருக்காது. உண்மையில் நடுவிலுள்ளவை யாவும் வெற்றிடம். டிஸ்க்கில் அது பிடிப்பது சில கிலோபைட்தான். இதைப் பார்த்து மிரண்டு அழிப்பவர்களையும் கண்டிருக்கிறேன், வெற்றிடத்தை அடையாளம் காணாத பேக்கப் நிரலைக் கொண்டு நகலெடுக்கப் போய் இரவு முழுவதும் பூச்சியங்களை எழுதிக்கொண்டிருந்தவர்களையும் கண்டிருக்கிறேன். டிஸ்க்கில் உண்மையாகப் பிடிக்கும் இடத்தைக் காட்டும் ‘டியூ’ கட்டளையை ஒருமுறை இட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

வீக்கத்தைவிடச் சிக்கலானது சிதைவு. டபிள்யூடிஎம்பியும் பிடிஎம்பியும் எழுத்துக் கோப்புகள் அல்ல, பதிவுக்கு ஒன்றாக 384 பைட் கட்டங்களை வரிசையாக அடுக்கிய இரும எண் கோப்புகள். இதை மறந்து, சாதாரண லாக் கோப்பைக் குறைப்பதுபோல் ‘கடைசி ஆயிரம் வரியை மட்டும் வைத்துக்கொள்’ என்று ‘டெயில்’ கட்டளையால் வெட்டினால் என்ன ஆகும் என்பதை எங்கள் அலுவலகத்தில் ஓர் இளைஞர் செய்த ஸ்கிரிப்ட் எனக்குக் கற்றுக்கொடுத்தது. சற்று விரிவாகவே சொல்கிறேன். இதே பிழையை வேறு இடங்களிலும் சந்திக்க வாய்ப்புண்டு.

கணினிக்கு ‘வரி முடிவு’ என்பது 10 என்ற மதிப்புள்ள ஒரு பைட். எங்கள் அலுவலக வலையின் முகவரிகள் எல்லாம் 10 என்ற எண்ணில்தான் தொடங்குகின்றன. நுழைவுப் பதிவின் கட்டத்தில், வந்தவரின் ஐபி முகவரி 348 பைட்டுகளுக்கு அடுத்த இடத்தில் எழுதப்படுகிறது. ஆகவே ‘டெயில்’ ஒவ்வொரு முகவரியின் முதல் எண்ணையும் ஒரு வரியின் முடிவு என்று எடுத்துக்கொண்டு, கட்டத்தின் நடுவிலேயே கத்தியை வைத்துவிட்டது. வெட்டிய கோப்பின் தலையில் ஒரு பழைய கட்டத்தின் கடைசி 35 பைட் துண்டு ஒட்டிக்கொண்டிருக்க, அதன் பின்வந்த அத்தனை கட்டங்களும் 35 பைட் தள்ளிப்போயின. அன்று இரவே சர்வரை மறுதொடக்கம் செய்தோம். மறுதொடக்கப் பதிவை எழுதும், லினக்ஸின் அடிப்படை நிரல் தொகுப்பான ஜிலிப்சி நூலகம், கோப்பின் அளவு 384ஆல் மீதியின்றி வகுபடுகிறதா என்று பார்த்து, வகுபடாவிட்டால் மிச்சத்தை வால் பக்கத்தில் நறுக்கிவிட்டுத்தான் எழுதும். அதற்குத் தெரிந்த ஒழுங்கு அதுதான். தலையில் இருந்த குப்பை அப்படியே இருக்க, வாலில் இருந்த நல்ல பதிவு ஒன்று 35 பைட்டை இழந்தது.

மறுநாள் ‘லாஸ்ட்’ இட்டுப் பார்த்தால் புதிய பதிவுகள் ஒழுங்காகத் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே பயனர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் புரியாத குறிகளும், தேதி இருக்க வேண்டிய இடத்தில் பொருந்தாத ஆண்டுகளுமாக ஓடின. ‘கோப்பு கெட்டுவிட்டது, அழித்துவிடலாம்’ என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அதில் அழிந்தது மிகக் குறைவு, இடம்தான் பிசகியிருந்தது. ஒரு கட்டத்தில் முனையத்தின் பெயர் எட்டு பைட்டுகளுக்கு அடுத்துத் தொடங்கும். கோப்பின் தலைப்பகுதியை ‘ஓடி’ கட்டளையால் பைட் பைட்டாகப் பார்த்தபோது, முனையத்தின் பெயர் முதலில் 43 பைட்டுகளுக்கு அடுத்துத் தென்பட்டது. 43இல் 8 போக 35. அந்த 35 பைட்டை நீக்கி, பழைய பகுதியின் இறுதியில் அரைகுறையாக நின்ற 349 பைட்டையும் நீக்கி, அதன் பின் புதிய பகுதியை ஒட்டியபோது, வெட்டில் தப்பியிருந்த பதிவுகளில் ஒன்றே ஒன்று நீங்கலாக அனைத்தும் திரும்பக் கிடைத்தன. சரிபார்க்க ‘யூடிஎம்ப்டம்ப்’ என்ற கருவி உதவியது. அது இரும எண் கோப்பைப் படிக்கத்தக்க எழுத்தாக மாற்றித் தரும், எழுத்திலிருந்து மீண்டும் பழைய வடிவத்துக்கும் மாற்றும். ஏஐஎக்ஸில் இதே வேலையை ‘எஃப்டபிள்யூடிஎம்பி’ செய்கிறது.

இந்தக் கருவிகளை நான் சற்று அச்சத்தோடுதான் குறிப்பிடுகிறேன். எழுத்தாக மாற்றி, ஒரு வரியைத் திருத்தி, மறுபடியும் உரிய வடிவத்தில் வைக்க என்னால் முடியும் என்றால், ரூட் அதிகாரம் பெற்ற திருடனாலும் முடியும். கெட்டுப்போன கோப்பில் ஒரு கட்டம் முழுவதும் பூச்சியமாக இருந்தால், அது யூபிஎஸ் கைவிட்ட இரவின் விளைவா, யாரோ தன் தடத்தைத் துடைத்ததா என்பதை அந்தக் கோப்பை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. எனவே பழுது பார்க்கத் தொடங்குமுன் கெட்ட கோப்பைக் கெட்டபடியே ஒரு நகல் எடுத்து, அதன் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதை நான் இப்போது கட்டாயமாக்கியிருக்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவைச் சாட்சியமாக அளிக்கும்போது கொடுக்க வேண்டிய சான்றிதழ்ப் படிவத்தில் ஹாஷ் மதிப்புக்கென்றே இடம் விடப்பட்டுள்ளது. நாம் ‘சரிசெய்த’ கோப்பு மட்டும் கையில் இருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வியே நம்மைத் திணறடிக்கும். இதோடு, எஸ்எஸ்ஹெச் எழுதும் நுழைவுச் செய்திகளை லாக்குகளை அனுப்பும் ஆர்சிஸ்லாக் நிரல் வழியாக உடனுக்குடன் வேறொரு இயந்திரத்துக்கு அனுப்பிவைத்தால், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவு சிறிய பதிவுகளுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1986 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. அதைத் தீர்க்கச் சொல்லிக் கொடுக்கப்பட்ட வானியலாளர் கிளிஃப்போர்ட் ஸ்டோல், அந்த முக்கால் டாலரைப் பிடித்துக்கொண்டே போய், மேற்கு ஜெர்மனியிலிருந்து அமெரிக்க ராணுவக் கணினிகளுக்குள் புகுந்து சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் விற்றுக்கொண்டிருந்த கும்பலைக் கண்டுபிடிக்க வழிசெய்தார். யார் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார் என்ற கணக்கு இருந்ததால்தான் இடித்தது தெரிந்தது.

இனி இக்கடிதத்தின் முக்கியமான செய்திக்கு வருகிறேன். இணையப் பாதுகாப்பு அவசரங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி(6) பிரிவின் கீழ் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையில், தரவு மையங்களும் நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள்களுக்குப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று கூறியுள்ளது. சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்குக் கால அவகாசம் கொடுக்கப்பட்டு, அதுவும் 2022 செப்டம்பர் 25 அன்று முடிந்துவிட்டது. இணையத் தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற பகுதி செய்திகளில் நிறையப் பேசப்பட்டது. இந்த 180 நாள் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

ஆனால் ரெட்ஹேட் வகை லினக்ஸை நிறுவியதும் அதனுடன் வரும் லாக்ரொட்டேட் அமைப்பு என்ன செய்கிறது? பல ஆண்டுகளாக அதில் உள்ள வழக்கம், டபிள்யூடிஎம்பியையும் பிடிஎம்பியையும் மாதம் ஒருமுறை சுழற்றி, அதாவது பழையதை ஒதுக்கிப் புதிய கோப்பைத் தொடங்கி, ஒரே ஒரு பழைய பிரதியை மட்டும் வைத்துக்கொள்வதுதான். நிறுவியவர் கை வைக்காமல் விட்டிருந்தால், அலுவலகத்தில் மிஞ்சுவது ஓரிரு மாதப் பதிவு. நான் பார்த்த சர்வர்களில் அதில் கை வைத்தவர்கள் மிகக் குறைவு.

‘பிரதிகளின் எண்ணிக்கையை ஏழாக்கிவிட்டால் போதுமே’ என்று தோன்றும். மாதச் சுழற்சி மட்டும் இருந்தால் போதும்தான். ஆனால் பிடிஎம்பி வீங்காமலிருக்க ‘நூறு மெகாபைட்டைத் தாண்டினால் உடனே சுழற்று’ என்ற விதியையும் பலர் சேர்க்கிறார்கள். தாக்குதல் நடக்கும் வாரத்தில் கோப்பு நாள்தோறும் நூறு மெகாபைட்டைத் தாண்ட, ஏழே நாளில் ஏழு பிரதிகளும் புதியனவாகி, பழைய மாதங்கள் எல்லாம் காணாமல் போய்விடும்; எந்த வாரத்தின் பதிவு நமக்கு மிகவும் தேவையோ அந்த வாரத்துக்கு முந்தைய தடயங்கள்தாம் போகும். பிரதிகளின் எண்ணிக்கையைப் பெரிதாக வைத்து, வயது வரம்பை 180 நாளுக்குச் சற்றுக் கூடுதலாக வைத்து, சுருக்கிச் சேமிக்கும்படி அமைத்தால் இது நேராது. ஒவ்வொரு கட்டத்திலும் கணினிப் பெயருக்கென ஒதுக்கிய 256 பைட்டில் பெரும்பகுதி வெற்றிடமே என்பதால் இந்தக் கோப்புகள் மிக நன்றாகச் சுருங்கும். இடப் பற்றாக்குறை என்ற சாக்கு செல்லாது. படிக்கும்போது மட்டும் சுருக்கத்தை விரித்துவிட்டு ‘லாஸ்ட்’ கட்டளையிடம் கொடுக்க வேண்டும். வீக்கத்தின் வேரையே அறுக்க விரும்புபவர்கள் கடவுச்சொல் நுழைவை மூடிவிட்டுச் சாவிக் கோப்பு முறைக்கு மாறலாம். நாங்கள் மாறிய பிறகு எங்கள் பிடிஎம்பி அநேகமாக வளர்வதே இல்லை.

இன்னொரு மாற்றமும் வந்துகொண்டிருக்கிறது. பழைய கட்டத்தில் நேரத்துக்கு ஒதுக்கப்பட்டுள்ளது நான்கு பைட் மட்டுமே என்பதால், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8.44 மணிக்கு மேல் அதில் நேரம் எழுத இயலாது. இதை முன்னிட்டு 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பில், பழைய ‘லாஸ்ட்’, ‘லாஸ்ட்பி’, ‘லாஸ்ட்லாக்’ கட்டளைகளை எடுத்துவிட்டு, எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் பதியும் டபிள்யூடிஎம்பிடிபி போன்ற புதிய கருவிகளுக்கு மாறியிருக்கிறார்கள். மேம்படுத்துபவர்கள் புதிய கருவி நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதோடு, பழைய கோப்புகள் இனி வேண்டாம் என்று அன்றே துடைத்துவிடாமல் 180 நாள் கழியும்வரை வைத்திருக்க வேண்டும்.

நம் பகுதியில் பெரும்பாலான சிறு நிறுவனங்கள் சர்வர்களை ஏஎம்சி என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் வெளியாரிடம் விட்டிருக்கின்றன. அந்த ஒப்பந்தங்களில் டிஸ்க், ராம், பேக்கப், யூபிஎஸ் பேட்டரி வரை எழுதியிருப்பார்கள். நுழைவுப் பதிவேடு பற்றி ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை. அடுத்த முறை புதுப்பிக்கும்போது, டபிள்யூடிஎம்பி, பிடிஎம்பி கோப்புகளை நகலெடுக்காமல் நீக்கக் கூடாது என்றும், 180 நாள் பிரதிகள் வேறொரு இயந்திரத்தில் இருக்க வேண்டும் என்றும், மாதம் ஒருமுறை ‘லாஸ்ட்’ கட்டளையின் வெளியீட்டை எடுத்துக் காட்ட வேண்டும் என்றும் மூன்று வரிகளைச் சேர்க்குமாறு நிறுவன உரிமையாளர்களைத் தங்கள் நாளிதழ் வழியே கேட்டுக்கொள்கிறேன். மாவட்டத் தொழில் மையங்கள் நடத்தும் பயிற்சிகளில் செர்ட்-இன் ஆணையின் இந்தப் பகுதியைத் தமிழில் விளக்கும் ஒரு மணி நேர வகுப்பைச் சேர்த்தால் எங்களைப் போன்றோர் சம்பளமின்றியே வந்து நடத்தித்தர ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சர்வர் நிர்வாகி ஒருவர்,
கோயம்புத்தூர்.